நாலு முறையும் ஒரே இடத்தில் உடைந்த ஷாஃப்ட்: தப்பு ஆள்மேலா, இரும்புமேலா?

ஈரோடு பக்கத்தில் மஞ்சள் அரவை ஆலை நடத்தும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதமும் பதினோரு போட்டோவும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இது.

மாமனார் வாங்கிப் போட்ட பல்வரைசர் மெஷின் (சுழலும் சுத்தியல்களால் அடித்துத் தூளாக்குவது). 15 எச்பி மோட்டாரில் ஏழு வருஷம், சுற்றும் தண்டான ஷாஃப்ட்டைத் தொடாமல் ஓடியது. சரக்கு சீக்கிரம் இறங்க வேண்டும் என்று போன வருஷம் மெஷின் பக்கத்து புல்லியை 200 மில்லிமீட்டரிலிருந்து 150-ஆகச் சின்னதாக்கி வேகத்தைக் கூட்டினார்கள். 15 எச்பி அடிக்கடி ட்ரிப் ஆனது. அதனால் 20 எச்பி மோட்டாரும் நாலு பெல்ட் ஓடும் நாலு காடி புல்லியும் வந்தன. ஐந்தாவது மாசம் ஷாஃப்ட் உடைந்தது. உடைந்ததையே மாதிரியாகக் கொடுத்து லேத் பட்டறையில் இஎன் 8 ரக இரும்பில் புதிதாகக் கடைந்து போட்டார்கள். 11 வாரம் வந்தது. 'ஒசத்தி இரும்பு போடுங்க' என்று ஒருவர் சொல்ல, இஎன் 24, ஏழு வாரம். சீசன் நேரம், காத்திருக்க முடியாது என்று அதையே வெல்டிங் வைத்து ஓட்டினார்கள், நாலே நாள். நாலு முறையும் புல்லி பக்கத்து பேரிங்கை ஒட்டி, 40 மில்லி ஷாஃப்ட் 50-ஆகத் தடிக்கிற அதே ஸ்டெப்பில்தான் முறிவு. கடைசி முறை புல்லி கழன்று போய்ச் சுவரில் அடித்திருக்கிறது.

லேத்காரர், "இரும்பு ஓட ஓட உள்ளுக்குள்ளே கிறிஸ்டல் ஆயிரும், ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறாராம். கொழுந்தனார், லேத்காரர் மட்ட இரும்பைப் போட்டு ஏமாற்றிவிட்டார், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார். வாசகிக்கோ ஆபரேட்டர்மேல் சந்தேகம். 19 வருஷமாக வேலை பார்ப்பவர், மூன்றாவது முறை உடைந்த ராத்திரி மெஷினில் நின்றவர். கட்டியை அள்ளிப் போட்டு ஜாம் ஆக்கிவிட்டார் என்று சம்பளத்தில் மாசம் ஆயிரம் பிடிக்கிறார்கள். "மூணு மாசம் பிடிச்சாச்சு, மனசு உறுத்துது. யார்மேல தப்புன்னு சொல்லுங்க" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே அனுப்பிவிட்டீர்கள். நாலாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இஎன் 24 ஷாஃப்ட் உடைந்த முகம் அது. வெளி விளிம்பைச் சுற்றிலும் சின்னச் சின்னப் படிக்கட்டுகள், பல் வைத்த மாதிரி. அங்கிருந்து உள்ளே போகப் போக வழுவழுப்பான, கறுத்த பரப்பு. அதில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போன்ற வளையங்கள். மையத்தை ஒட்டி, கொஞ்சம் ஒருபக்கம் தள்ளி, சொரசொரவென்று வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அருகில் அளவுக்காக நீங்கள் வைத்த ஒரு ரூபாய்க் காசும் அந்த வட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு.

கறுத்த பகுதி ஒரே நாளில் பிளந்தது அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாக விரிசல் ஓடிய பாதை அது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று உரசி உரசித்தான் வழவழப்பு வந்தது. அதில் கிரீஸும் மஞ்சள் தூளும் கலந்த கறை ஏறியிருக்கிறது. அன்று ராத்திரிதான் முறிந்தது என்றால் அந்தக் கறை அங்கே போயிருக்க வழியே இல்லை. சாம்பல் வட்டம் மட்டுமே கடைசியில் படக்கென்று போன இடம். காசின் குறுக்களவு 20 மில்லி, ஷாஃப்ட்டினது 40. பரப்பில் அது நாலில் ஒரு பங்கு. அதாவது உங்கள் ஆபரேட்டர் அந்த ராத்திரி ஷிப்டுக்கு வந்தபோது ஷாஃப்ட்டில் கால்வாசிதான் மிச்சம். முக்கால்வாசி ஏற்கெனவே போயிருந்தது.

அவர் ஜாம் ஆக்கித்தான் உடைந்தது என்றால் தடயம் வேறு மாதிரி இருக்கும். முதலில் பெல்ட் வழுக்கிப் புகைந்திருக்கும். அதைத் தாண்டினால் புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவித் துண்டு நசுங்கியிருக்கும், இல்லை அது உட்காரும் காடியான கீவேயின் ஓரம் பிதுங்கியிருக்கும். அதையும் தாண்டினால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கும். ஒன்பதாவது போட்டோவில் சாவி புத்தம்புதுசு மாதிரி இருக்கிறது.

சம்பளப் பிடித்தம் பற்றி: நான் வக்கீல் இல்லை, ஆனால் பட்டறை நடத்தும் யாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இது. சாமான் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சேதம் அவருடைய கவனக்குறைவால்தான் நேரடியாக வந்தது என்று இருக்க வேண்டும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. பிடித்த மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரும்பு 'கிறிஸ்டல்' ஆவதில்லை

லேத்காரர் சொன்னது ரொம்பப் பழைய நம்பிக்கை. அவரைக் குறை சொல்லாதீர்கள். 1842 மே 8-ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் இஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடைந்த அச்சுகளின் முகம் மணல்மணலாக இருந்ததைப் பார்த்து, நார்நாராக இருந்த இரும்பு ஓட்டத்தில் படிகமாக மாறிவிடுகிறது என்றே அன்றைய இஞ்சினியர்கள் பலரும் நினைத்தார்கள். அடுத்த வருஷமே ராங்கின் என்ற இளைஞர், அச்சு தடிக்கிற மூலையில் விரிசல் தொடங்கி மெல்ல உள்ளே போகிறது, அந்த மூலையை வளைவாக விடுங்கள் என்று எழுதினார். நம் விஷயமும் அதே மூலைதான். பிறகு பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த வோலர், அச்சுகளை வளைத்தபடியே சுழலவிட்டு வருஷக்கணக்கில் சோதனை செய்து, எந்த அளவு பாரத்தில் எத்தனை சுற்று தாங்கும் என்று பட்டியலே போட்டார். இரும்பில், ஓர் அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் அது கோடிக்கணக்கான சுற்றுகளுக்கும் அசைந்து கொடுக்காது என்பதும் அதில்தான் தெரிந்தது.

உங்கள் மெஷினே அதற்குச் சாட்சி. பழைய வேகம் 1,800 சுற்று. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் ஏழு வருஷத்தில் 200 கோடி சுற்றுக்கு மேல். வயதாகித்தான் இரும்பு சாகும் என்றால் எப்போதோ செத்திருக்க வேண்டும். சாகவில்லை. நீங்கள் மோட்டாரையும் புல்லியையும் மாற்றிய ஐந்தாவது மாசம் உடைந்தது. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி 'இரும்புக்கு என்ன ஆச்சு' என்பது அல்ல, 'அன்றைக்கு என்ன மாறியது' என்பது.

என்ன மாறியது

பெல்ட் எப்போதும் மோட்டார் பக்கமே இழுக்கிறது. இழுப்பின் திசை மாறுவதில்லை, ஷாஃப்ட்தான் சுற்றுகிறது. ஷாஃப்ட்டின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு எதிர்ப்பக்கம் வரும்போது அந்தப் புள்ளி இழுபடும், அரைச்சுற்றில் மோட்டார் பக்கம் வந்ததும் அமுங்கும். சுற்றுக்கு ஒரு தடவை. இப்போதைய 2,400 சுற்று வேகத்தில் பத்து மணி நேரத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் தடவை. ஒரே வாரத்தில் ஒரு கோடி.

சுற்றும் பாகமான ரோட்டாரின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தி பேலன்சிங் செய்தும் உடைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பேலன்சிங் நல்லது, பேரிங் ஆயுசு கூடும். ஆனால் ரோட்டாரின் பேலன்ஸ் கோளாறு ஷாஃப்ட்டோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஒரு பக்கம் இழுபட்டபடியே, மறுபக்கம் அமுங்கியபடியே கிடக்கும், மாறி மாறி வராது. விளிம்பு முழுக்கச் சுற்றிவரப் பல் விழுந்திருக்கும் உங்கள் முறிவு பெல்ட் இழுப்பின் வேலை. அதனால்தான் பேலன்சிங்குக்குக் கொடுத்த காசு இந்த நோய்க்கு மருந்தாகவில்லை.

மோட்டார் பக்கப் புல்லி அதே 250 மில்லி என்பதால் பெல்ட் ஓடும் வேகம் மாறவில்லை; 15 எச்பி 20 ஆனபோது பெல்ட் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஐந்தாவது போட்டோவில் புதுப் புல்லியின் பாஸ் (ஷாஃப்ட் நுழையும் நடுமேடு) உள்பக்கம் பார்த்து இருக்கிறது. பெல்ட்டுகளின் நடுக்கோடு பேரிங் மையத்திலிருந்து முன்பு 100 மில்லி, இப்போது 140 என்று நீங்களே டேப் பிடித்து எழுதியிருக்கிறீர்கள். நெம்புகோல் நீண்டுவிட்டது. இரண்டும் சேர்ந்து அந்த ஸ்டெப்பில் வளைவு ஏறக்குறைய 1.9 மடங்கு. அப்புறம், "பெல்ட் வழுக்காம இருக்க கடப்பாரை போட்டு நெம்பி நல்லா டைட் வெச்சோம்" என்று ஒரு வரி, போகிற போக்கில். கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த வரி அதுதான்.

தோராயமாகக் கணக்குப் போட்டேன். சரியான இறுக்கத்தில் அந்த இடத்தில் வளைவு அழுத்தம் 27 மெகாபாஸ்கல்தான் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரும், குழந்தைத் தீனி. கடப்பாரை இறுக்கம் அதை எளிதாக மூன்று மடங்காக்கும்; 80 என்று வையுங்கள். மூலை கத்தி மாதிரி கூராக இருந்தால் அழுத்தம் அங்கே குவிந்து இன்னொரு மூன்று மடங்கு: 240. இஎன் 8 இரும்பின் இழுவலிமை (ஒரே இழுப்பில் அறுபடும் அளவு) 600 என்றால், மெருகேற்றிய சோதனைத் துண்டு அதில் பாதி, 300 வரை மாறிமாறி வரும் அழுத்தத்தைத் தாங்கும். லேத்தில் கடைந்த தடத்தோடு இருக்கிற நிஜ ஷாஃப்ட் 200-ஐ ஒட்டித்தான். 240 என்பது 200-க்கு மேலே. அவ்வளவுதான் கதை.

லேத்காரரின் தப்பும் தப்பில்லாததும்

முதல் ஷாஃப்ட்டில் மெஷின் கம்பெனிக்காரர்கள் அந்த மூலையில் வளைவு விட்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் மாதிரி கொடுத்த ஷாஃப்ட் உடைந்ததே அந்த மூலையில்தான். எதைக் காப்பி அடிக்க வேண்டுமோ அது மட்டும் மாதிரியில் இல்லை! அவர் 40-ஐயும் 50-ஐயும் நூல் பிசகாமல் அளந்து, நடுவில் கூர் டூலைக் கொண்டுபோய் மூலையை நறுக்கென்று முடித்துவிட்டார். டிராயிங் கொடுத்திருந்தால் வேறு கதை. ஒரு விஷயம் மட்டும் அவரிடம் சொல்லியாக வேண்டும்: ஏழாவது போட்டோவில் பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டியே ஜாப் நம்பரைப் பஞ்சில் அடித்திருக்கிறார். ஒவ்வொரு பஞ்ச் அடியும் விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. நம்பரை ஷாஃப்ட்டின் முனை முகத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

மட்ட இரும்பு என்ற சந்தேகத்தைத் தீர்க்க, உடைந்த துண்டில் ஒரு வில்லை அறுத்து இரும்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுத்தால் போதும். இஎன் 8 இஎன் 8-தான் என்று வரும் என்பது என் ஊகம். கோர்ட்டைப் பற்றிக் கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்: 2019 நுகர்வோர் சட்டத்தில், வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளும் சேவையும் வராது; சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது மட்டும் விலக்கு. ஆறு பேர் வேலை பார்க்கும் ஆலைக்கு அந்த விலக்கு கிடைக்குமா என்பதே முதல் வாதமாகிவிடும். அதைத் தாண்டினாலும், 'இவங்க கொடுத்த மாதிரிப்படி செஞ்சேன்' என்று அவர் சொல்வார், அது உண்மையும்கூட. வேண்டுமானால் வக்கீலைப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தக் காசில் ஒழுங்கான டிராயிங் ஒன்று போடுவேன்.

ஒசத்தி இரும்பு ஏன் இன்னும் சீக்கிரம் உடைந்தது? இஎன் 24 நல்ல இரும்புதான், சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து ஹார்டன் செய்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்தால். கடையில் வாங்கிய கம்பியை அப்படியே கடைந்தால் கொடுத்த காசுக்குப் பலன் வராது. இரும்பு பலமாகப் பலமாகக் கூர்மூலையையும் கீறலையும் பொறுத்துக்கொள்ளும் குணம் குறைகிறது. 'பலமான இரும்பு வளையாது' என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரியில்லை. விறைப்பில் எல்லா எஃகும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே பாரத்துக்கு இஎன் 8 எவ்வளவு வளையுமோ அவ்வளவே இஎன் 24-ம் வளையும்.

வெல்டிங்கை இனிமேல் நினைக்கவே வேண்டாம். இஎன் 24 முன்சூடு இல்லாமல் பற்றவைத்தால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி கெட்டிப்படும், ஆறும்போது உள்ளிழுப்பும் தங்கும். அதையும் பாரம் அதிகமான அதே மூலையில் வைத்தீர்கள். நாலு நாள் வந்ததே ஆச்சரியம். சுவரில் அடித்த புல்லி இரண்டடி தள்ளிப் போயிருந்தால் நாம் இப்போது வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் சேர்த்து இரும்புக் கூண்டு போடாமல் மெஷினை மறுபடி ஓட்டாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை

முதலில் வேகம். 1,800-லிருந்து 2,400 என்றால் உள்ளே சுற்றும் சுத்தியல்களின் வெளிவிசை 1.8 மடங்கு ஆகிவிட்டது. மெஷின் பிளேட்டில் அதிகபட்ச வேகம் அடித்திருக்கும். இல்லையென்றால் செய்த கம்பெனியைக் கேளுங்கள். அவர்கள் 2,400 கூடாது என்றால் பழைய புல்லிக்கே திரும்புங்கள். ஷாஃப்ட் உடைந்தால் நஷ்டம். சுத்தியல் பிய்த்துக்கொண்டு வந்தால் உயிர்.

மூலை. உங்கள் பேரிங் 6308 நம்பர். அதன் உள்வளைய ஓரம் ஷாஃப்ட்டில் ஒன்றரை மில்லி வளைவுக்கு மேல் இடம் கொடுக்காது, மீறினால் பேரிங் தோளில் (50-ஆகத் தடிக்கிற ஸ்டெப்பின் முகம்) முழுசாக உட்காராது. பல லேத்காரர்கள் மூலையைக் கூராக விடுவதற்கு இந்தப் பயமும் காரணம். வழி இருக்கிறது. மூலையில் 3 மில்லி ரேடியஸ் (வளைவு) விட்டு, பேரிங்குக்கும் தோளுக்கும் நடுவில் ஏழெட்டு மில்லி அகல வளையம் ஒன்றைப் போடுங்கள். வளையத்தின் உள் ஓரத்தை ரேடியஸில் தட்டாதபடி சரித்துவிட வேண்டும். பேரிங் அந்த அகலம் அளவுக்கு வெளிப்பக்கம் நகரும், அதை டிராயிங்கிலேயே கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்தால் மூன்று மடங்காகக் குவிந்த அழுத்தம் இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிடும். வளைவில் டூல் தடம் தெரியாமல் எமரி போட்டு வழித்துவிட வேண்டும். செலவு ஒரு மணி நேரக் கூலி.

பெல்ட். புல்லியைத் திருப்பி, பாஸ் வெளிப்பக்கம் வரும்படி மாட்டி, பேரிங்கை ஒட்டிக் கொண்டுவாருங்கள். நாலு பெல்ட்டையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். கடப்பாரைக்குப் பதில் ஸ்பிரிங் தராசு: இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டின் மையத்தில் தராசை மாட்டி இழுத்தால், தொங்கும் நீளம் மீட்டருக்கு 16 மில்லி வீதம் பெல்ட் வளைய வேண்டும். அதற்கு எவ்வளவு விசை என்பது பெல்ட் கம்பெனி அட்டவணையில் இருக்கும். புதுப் பெல்ட் ஓடத் தொடங்கியதும் தளரும், அன்றே மறுபடி பாருங்கள்.

இரும்புக்கு இஎன் 8 போதும். மூலை, பெல்ட் என்று மேலே சொன்ன இரண்டையும் செய்தால் அந்த மூலையில் அழுத்தம் 240-லிருந்து 50-க்குக் கீழே வந்துவிடும். பிறகு எதற்கு இஎன் 24? மனசு கேட்கவில்லை என்றால் ஷாஃப்ட்டை 45 மில்லி ஆக்கலாம், அழுத்தம் இன்னும் 30 சதவீதம் குறையும். ஆனால் பேரிங்கும் அதன் வீடும் மாறும், தோளும் பெரிதாக வேண்டும். என் அபிப்பிராயத்தில் தேவையில்லாத செலவு.

கீவேயைப் பற்றி ஒரே வார்த்தை: அது பேரிங் உட்காரும் இடத்துக்குள் ஓடக்கூடாது.

பேரிங் கழற்றும்போதெல்லாம் அந்த மூலையில் டை பெனட்ரன்ட் அடித்துப் பாருங்கள். சிவப்புத் திரவத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பவுடரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். பேரிங் உட்கார்ந்த இடத்தில் செங்காவி நிறத்தில் நைஸான தூள் இருந்தால் அதையும் விடாதீர்கள். பேரிங் லூஸாக இருந்து உரசுகிறது என்று அர்த்தம். அப்படி அரித்த பரப்பிலிருந்தும் விரிசல் கிளம்பும்.

இன்னொன்று. உடைந்த துண்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முகத்தையும் ஒட்டவைத்துப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம். ஒருமுறை உரசினாலே தடயம் போய்விடும். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். பழைய கம்பெனி ஷாஃப்ட்டும் எங்காவது மூலையில் கிடக்கும். அதன் மறுமுனையில் உடையாத ஸ்டெப் ஒன்று இருக்கும். அதில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அதையே லேத்காரர் கடைந்த ஷாஃப்ட்டில் செய்து பாருங்கள், நகம் சிக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய் லேத்காரரிடம் காட்டுங்கள். புத்திசாலி என்றால் டிராயிங்குக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. உடைவதற்கு இரண்டு நாள் முன்பே ஆபரேட்டர், "சத்தம் மாறியிருக்கு" என்று சொன்னாராம். சீசன் அவசரத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தச் சத்தம் எப்படி இருந்தது, லோடு ஏறும்போதா, காலியாகச் சுற்றும்போதா என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.